ஒன்றரை வருடத்தில் இரண்டு பற்றரி: மூன்றாவது எதைப் போடுவது?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய பல்சர் 150 வைத்திருக்கிறார். தினமும் குருமண்வெளித் துறையில் பைக்கோடு பாதை (வாகனம் ஏற்றுகிற மிதவைப் படகு) ஏறி, மட்டக்களப்பு வாவியைக் கடந்து மண்டூரில் படிப்பிக்கப் போகிறார். ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு பற்றரி போய்விட்டது. கடைக்காரர் சீல் பற்றரி எடுக்கச் சொல்கிறார். கூட்டாளி ஒருவர் தண்ணீர் ஊற்றுகிற பற்றரிதான் உழைக்கும் என்கிறார். இன்னொருவர் அம்பியரைக் கூட்டிப் போடச் சொல்கிறார். எந்தப் பிராண்ட் நல்லது என்பது அவருடைய கேள்வி.

கேட்டது பிராண்டை என்றாலும், அவருக்கு வேண்டியது மூன்றாவது பற்றரியும் இதே மாதிரிப் போகாமல் இருக்க ஒரு வழி. கல்முனைப் பக்கம் பைக் வயரிங்கிலும் பற்றரி சார்ஜ் வேலையிலும் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு பற்றரி எட்டு மாதத்தில் செத்தால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். அடுத்ததும் அதே கணக்கில் செத்தால் பைக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதனால் கடைக்குப் போகுமுன் ஒரு டிஜிட்டல் மல்டிமீற்றர் தேடுங்கள். ரேடியோ திருத்துகிற கடையில் இருக்கும், உங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான ஆய்வுகூடத்திலும் இருக்கலாம்.

இரவு முழுக்க நின்ற பைக்கில், காலையில் திறப்புப் போடுமுன் பற்றரியின் இரண்டு முனையிலும் மீற்றரைப் பிடியுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5ஐ விட்டு ஏறவில்லை என்றால் உள்ளே இருக்கிற ஆறு அறையில் ஒன்று செத்துவிட்டது. ஓர் அறைக்கு 2.1 வோல்ட், அதில் ஒன்று கழிந்தால் மிஞ்சுவது அவ்வளவுதான். அந்தப் பற்றரிக்கு வைத்தியம் இல்லை. மருந்து ஊற்றி உயிர்ப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து மீற்றரை அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் பட்டனை அழுத்துங்கள். வோல்ட் விழத்தான் செய்யும், ஆனால் நல்ல பற்றரி 10க்கு மேலே நிற்கும். 9.6க்கும் கீழே போனால் அதில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் காலம் முடிந்துவிட்டது. இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பட்டனை அழுத்தும்போது வோல்ட் 12.5இலேயே அசையாமல் நின்று, மோட்டரும் சுற்றவில்லை என்றால் பிழை பற்றரியில் இல்லை. ரிலே, கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டரின் கார்பன் பிரஷ், இவற்றில் ஒன்றில்தான் இருக்கும். நல்ல பற்றரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டு, அதே பட்டனை அழுத்திவிட்டு அதே மௌனத்தைக் கேட்டவர்கள் நிறையப் பேர்.

உங்கள் விஷயத்தில் முக்கியமான அளவு மூன்றாவது. பற்றரியை வெளியே நன்றாகச் சார்ஜ் செய்து பூட்டிவிட்டு இதைச் செய்யுங்கள். காலிப் பற்றரியோடு அளந்தால் அது வோல்ட்டைக் கீழே இழுத்து உண்மையை மறைத்துவிடும். என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, நிமிடத்துக்கு 4000 சுற்று அளவுக்கு முறுக்கிப் பிடித்துக்கொண்டு பற்றரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் சார்ஜ் சரி. 13க்குக் கீழே என்றால் என்ஜின் சுற்றும்போது கரண்ட் தருகிற மெக்னெட் கொயில், அந்த வோல்ட்டை அளவோடு பிடிக்கிற ரெகுலேட்டர், இரண்டுக்கும் இடையில் கருகிப்போன சொக்கெட், இதில் ஏதோ ஒன்று. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படிப்பட்ட பைக்கில் எந்தப் பிராண்ட் போட்டாலும் சில மாதம்தான், உள்ளே தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

உங்கள் பைக்கில் இது எது என்று இங்கே இருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் செத்த பற்றரி சொல்லும். பழையதைக் கடைக்காரரிடம் கொடுக்குமுன் ஒரு தரம் உற்றுப் பாருங்கள். வெள்ளைக் கூட்டுக்குள் தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, சீல் பற்றரியின் பக்கம் உப்பியிருந்தாலோ, ஓடும்போது அழுகின முட்டை மணம் வந்திருந்தாலோ, சார்ஜ் கூடிப்போய்ச் செத்தது. தண்ணீர் அளவு சரியாக இருந்தும் தகடு வெள்ளை பூத்துக் கிடந்தால் போதிய சார்ஜ் இல்லாமல் நாளாவட்டத்தில் செத்தது. அரைச் சார்ஜில் கிடக்கிற பற்றரியில் ஈய சல்ஃபேட் இறுகி, பிறகு கரையாமல் நின்றுவிடும், அந்த வெள்ளை அதுதான். அடியில் மண்ணிறக் கசடு தேங்கிக் கிடந்தால் அதிர்ச்சியும் ஒரு காரணம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் வரம்புப் பாதைகளில் ஓடுகிற பைக்குகளில் இதை அடிக்கடி பார்ப்பேன், தகட்டில் இருக்கிற பசை உதிர்ந்து கீழே விழுந்துவிடும். இந்த மூன்றையும் ஓரளவு உறுதியாகவே பிரித்துச் சொல்லலாம். சில நேரம் இரண்டும் மூன்றும் கலந்தும் வரும், அப்போது மீற்றர் சொல்வதையே நம்புங்கள்.

திறப்பை எடுத்த பிறகும் கள்ளத்தனமாகக் கரண்ட் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீற்றரை மில்லி அம்பியருக்கு மாற்றி, கேபிளுக்கும் பற்றரிக்கும் நடுவில் கொடுங்கள். மீற்றர் இணைந்திருக்கும்போது திறப்பைப் போடக் கூடாது, போட்டால் மீற்றரின் ஃபியூஸ் எரியும். அலாரம் எதுவும் பூட்டாத பழைய பைக்கில் கிட்டத்தட்ட பூச்சியம் வர வேண்டும். 20 மில்லி அம்பியர் சும்மா கசிந்தால்கூட ஒரு நாளைக்கு அரை அம்பியர் அவர் (அம்பியர்-மணித்தியாலம், பற்றரியின் கொள்ளளவுக் கணக்கு) போகிறது. 9 அம்பியர் பற்றரியில் ஒன்பது நாளில் பாதி காலி. பள்ளிக்கூட விடுமுறைக்குப் பைக்கை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். அலாரம், போன் சார்ஜ் போடுகிற சொக்கெட், அலங்கார எல்ஈடி, இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தால் கள்ளன் அகப்படுவான்.

தினமும் குட்டிக் குட்டி ஓட்டம், நடுவில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட், அதனால்தான் பற்றரி போகிறதா என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஒரு ஸ்டார்ட்டுக்கு 50 அம்பியர் இரண்டு செக்கன் போனாலும் மொத்தம் 0.03 அம்பியர் அவர்கூட இல்லை. சரியாகச் சார்ஜ் ஆகிற பைக் அதைச் சில நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிடும். ஆகவே ஸ்டார்ட்டை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நான் கூடுதலாகச் சந்தேகிப்பது துறையில் காத்திருக்கிற நேரத்தை. என்ஜினை நிறுத்திவிட்டுத் திறப்பை எடுக்காமல், லைட்டும் எரிந்தபடி விட்டால் 35 வாட் ஹெட்லைட் மட்டும் ஏறக்குறைய 3 அம்பியர் இழுக்கும். என்ஜினை அணைக்காமல் ஐட்லிங்கில் விட்டு லைட்டும் எரிந்தாலும், பல பைக்குகளில் வருகிற சார்ஜை விடப் போகிற கரண்ட் கூடுதல். இதோடு, வாவியின் உப்புக் காற்று முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்க வைக்கும். அந்தப் பூஞ்சணம் சார்ஜைத் தடுக்கிற ஒரு சுவர். வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். தண்ணீர்ப் பற்றரி என்றால் சோடாத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே இறங்கவிடக் கூடாது, அசிட்டைக் கெடுத்துவிடும்.

நம்முடைய சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். சூடு 10 பாகை கூடினால் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் சொல்லப்படுகிற கணக்கு. அதை எழுத்துக்கு எழுத்து எடுக்கத் தேவையில்லை, ஆனால் போக்கு உண்மை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெயிலில் நிறுத்தின பைக்கின் சீட்டுக்கடியில் கையை வைத்துப் பார்த்தால் விளங்கும். குளிர் நாட்டுக்காரர் இணையத்தில் எழுதுகிற ஐந்து, ஆறு வருடக் கணக்கை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். எல்லாம் சரியாக இருக்கிற பைக்கில் இரண்டு வருடத்தில் இருந்து நான்கு வருடம் வந்தால் அது நியாயமான உழைப்பு. இன்னொன்று, இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் நாம் எல்லோரும் பழைய பைக்கையே திருத்தித் திருத்தி ஓடினோம். உங்கள் பைக்கில் இருக்கிற ரெகுலேட்டர் அசலா, இடையில் யாரோ மாற்றின மலிவுச் சாமானா என்று ஒரு தரம் பார்ப்பது நல்லது.

இதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகு வாங்குகிற கதைக்கு வருவோம். பழைய பல்சர் 150க்குக் கம்பனி கொடுத்தது 12 வோல்ட் 9 அம்பியர் அவர். உங்கள் மொடலில் வேறா என்று பைக்கின் கையேட்டில் பாருங்கள். செத்த பற்றரியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், முதலில் போட்டவரே பிழையான அளவைப் போட்டிருக்கலாம். அம்பியரைக் கூட்டலாமா? பெட்டிக்குள் இறுக்கமாகப் பொருந்தினால் ஒன்றிரண்டு அம்பியர் கூடுவதால் கேடு இல்லை. பெரிய பற்றரி கொயிலை எரித்துவிடும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வோல்ட்டை ரெகுலேட்டர்தான் பிடிக்கிறது, பற்றரியின் அளவு இல்லை. ஆனால் குடத்தைப் பெரிதாக்கினால் குழாயில் வருகிற தண்ணீர் அதிகமாகிவிடாது. சார்ஜ் குறைவாக வருகிற பைக்கில் 12 அம்பியர் போட்டால் அது என்றைக்கும் நிறையாது, அரைகுறையாகவே கிடந்து சல்ஃபேட் பூக்கும். பெட்டிக்குள் திணிப்பதற்காகக் கம்பியை வெட்டுவது, ரப்பரை எடுத்துவிடுவது, சைட் கவரைக் கயிற்றால் கட்டுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அளவைக் குறைப்பது அதைவிட மோசம். காசு மிச்சம் என்று 5 அம்பியர் போட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அது மூச்சு வாங்கும்.

யூபிஎஸ் பெட்டிக்குள் இருக்கிற 12 வோல்ட் 7 அம்பியர் பற்றரியைப் பைக்கில் போடுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. உதைத்து மட்டும் ஸ்டார்ட் செய்கிற பழைய பைக்கில், ஹோர்னுக்கும் சிக்னலுக்கும், அது ஏதோ ஓடும். செல்ஃபுக்கு அது சரிவராது. அந்த 7 அம்பியர் இருபது மணித்தியாலத்தில் மெதுவாக வடிய விட்டு அளந்த கணக்கு, பைக் பற்றரியை வழக்கமாகப் பத்து மணித்தியாலத்தில் வடிய விட்டு அளப்பார்கள். எண் ஒன்றாக இருந்தாலும் சாமான் ஒன்றில்லை. ஒரே நேரத்தில் பெரிய கரண்ட் கொடுக்கவோ, குலுக்கலைத் தாங்கவோ அதைச் செய்யவில்லை. அதன் முனையும் செருகுகிற மெல்லிய தகடுதான், ஸ்டார்ட்டர் கேபிளைப் பூட்டுகிற இடம் இல்லை.

தண்ணீர்ப் பற்றரியா, சீலா என்றால் இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. தண்ணீர்ப் பற்றரியில் வற்றினதைப் பார்க்கலாம், நிரப்பலாம், சார்ஜ் கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் யாராவது மாதம் ஒரு தரம் சைட் கவரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நிரப்புவதற்குப் பற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) மட்டும்தான். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், ஏசியில் வடிகிற தண்ணீர் எதுவும் ஆகாது, அசிட்டையும் ஊற்றக் கூடாது. நம் கரையோரக் கிணற்றில் இருக்கிற உப்பு தகட்டை அரித்துவிடும். சீல் பற்றரியில் அசிட் கண்ணாடி நாரில் ஊறி நிற்கிறது. சிந்தாது, பாதையில் பைக் சாய்ந்தாலும் ஒழுகாது, குலுக்கலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் வற்றினது வற்றினதுதான், திருப்பி நிரப்ப வழி இல்லை. அதனால் 15 வோல்ட் வருகிற பைக்கில் சீல் பற்றரி இன்னும் வேகமாகச் சாகும். உங்கள் சார்ஜ் 14.5க்குள் நிற்கிறது என்றால் நான் சீல் பக்கம். நிற்கவில்லை என்றால் பற்றரி வாங்குகிற காசில் முதலில் ரெகுலேட்டரைப் பாருங்கள். லித்தியம் பற்றரியும் இப்போது வருகிறது. பாரம் குறைவு, விலை கூட, பழைய ரெகுலேட்டரோடு ஒத்துப்போகிறதா என்பது சந்தேகம். இந்தப் பைக்குக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

கடையில் பிளஸ் எந்தப் பக்கம் என்பதை முதலில் பாருங்கள். ஒரே அளவுப் பற்றரி இடது பிளஸிலும் வலது பிளஸிலும் வரும். மாற்றி எடுத்தால் கேபிள் எட்டாது. எட்ட வைக்கப் போய் மாறிப் பூட்டினால் ஃபியூஸ் போவது அதிர்ஷ்டம், கொயில் கரண்டைப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றுகிற ரெக்டிஃபையர் போவதுதான் வழக்கம். சீல் பற்றரி என்றால் பெட்டியைத் திறந்து உங்கள் முன்னாலேயே மீற்றர் பிடிக்கச் சொல்லுங்கள். 12.4க்குக் கீழே இருந்தால் அது கடை அலுமாரியில் நெடுநாள் கிடந்தது, வேறொன்று கேளுங்கள். உற்பத்தித் திகதியை ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு விதமாக அடிக்கும், அதைக் கடைக்காரரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். பிராண்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அதன் இடமே அதுதான். எக்ஸைட், அமரோன், யுவாசா போன்ற பெயர் தெரிந்த எதுவும் சரியாகச் சார்ஜ் ஆகிற பைக்கில் உழைக்கும். அவற்றுக்குள் எது ஆறு மாதம் கூடுதலாக உழைக்கும் என்று அடித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ வரண்டிக்குப் பொறுப்பு நிற்கிற ஆள் இருக்கிற பிராண்டை எடுங்கள், கார்டில் திகதியும் கடை முத்திரையும் போடாமல் வெளியே வராதீர்கள்.

தண்ணீர்ப் பற்றரி எடுத்தால் முதல் சார்ஜில்தான் பலர் காரியத்தைக் கெடுக்கிறார்கள். அசிட்டை ஊற்றின உடனேயே வோல்ட் வந்துவிடும், ஹோர்ன் அடிக்கும், உடனே பைக்கில் பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். அப்போது அது முழுதாக நிறையவில்லை, அந்தக் குறையிலேயே ஓடி ஓடிச் சீக்கிரம் களைத்துவிடும். அசிட் ஊற்றி அரை மணித்தியாலமாவது வைத்து, தகடு குடித்த பிறகு அளவு பார்த்து நிரப்பி, 9 அம்பியர் பற்றரிக்கு 0.9 அம்பியர் கணக்கில் மெதுவாகச் சார்ஜ் போட வேண்டும். காருக்குப் போடுகிற பெரிய சார்ஜரில் ஒரு மணித்தியாலம் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இரவு வைத்துவிட்டுக் காலையில் எடுங்கள். பற்றரியின் பக்கத்தில் வாயு வெளியேறுகிற மூக்கில் சிவப்பு ரப்பர் மூடி இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும், கழற்றாமல் விட்டால் உள்ளே வாயு அடைத்துக் கூடு வெடிக்கவும் கூடும். அந்த மூக்கில் குழாயைச் செருகி, மடங்காமல், செயினிலும் சைலன்சரிலும் படாமல் கீழே இறக்கிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது பொசிட்டிவ் முதலில். ஸ்பனர் தவறிச் சேசிஸில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த ஒழுங்கு.

பழைய பற்றரியைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், நிறைக்கு ஏதாவது கழித்துத் தருவார்கள். வலைக்கு ஈயக்குண்டு வார்க்க வேண்டும், தா என்று தெரிந்தவர் யாரும் கேட்டால் கொடுக்காதீர்கள். அசிட்டை வளவில் ஊற்றி, தகட்டைச் சட்டியில் போட்டு வீட்டு முற்றத்தில் உருக்குவார்கள். அந்தப் புகையும் தூசும் பக்கத்தில் விளையாடுகிற பிள்ளைகளின் உடம்பில்தான் போய்ச் சேரும்.